நிலைமின் ஒலிபெருக்கியைப் பழுதுபார்க்கும் கலை: ஒரு வரலாறு

நிலைமின் ஒலிபெருக்கி என்பது காந்தமும் கம்பிச்சுருளும் இல்லாமல், மின்னூட்டங்களுக்கு இடையே உள்ள ஈர்ப்பு விசையையும் விலக்கு விசையையும் கொண்டு ஒலி எழுப்பும் கருவி. இவ்வகையில் மிகவும் புகழ்பெற்றது, இங்கிலாந்தின் ஹண்டிங்டன் நகரில் தயாராகி 1957இல் விற்பனைக்கு வந்த 'குவாட் இ.எஸ்.எல்.' ஆகும். 1985இல் இதன் தயாரிப்பு நின்றது. ஆயினும் அரை நூற்றாண்டைத் தாண்டிய இக்கருவிகள் இன்றும் பல நாடுகளில், வீடுகளில் ஒலித்துக்கொண்டிருக்கின்றன. நன்றாகச் செய்யப்பட்டவை என்பது மட்டும் இதற்குக் காரணம் அன்று. இவற்றைப் பிரித்து, பழுது நீக்கி, மீண்டும் பூட்டக் கற்றுக்கொண்டவர்கள் உருவானதும் ஒரு காரணம். அந்தக் கல்வி எப்படி உருவாயிற்று என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சீப்பும் காகிதத் துண்டும்

தலைமுடியில் தேய்த்த பிளாஸ்டிக் சீப்பு சிறு காகிதத் துண்டுகளை இழுப்பதைப் பள்ளியில் எல்லோரும் செய்து பார்த்திருப்போம். நிலைமின் ஒலிபெருக்கிக்கு அடிப்படை அந்த விசைதான். துளைகள் இட்ட இரண்டு தகடுகள் எதிரெதிரே அசையாமல் நிற்கும். இவற்றை நிலைத்தகடுகள் எனலாம். இரண்டுக்கும் நடுவே மிக மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று விறைப்பாக இழுத்து ஒட்டப்பட்டிருக்கும். படலத்துக்குச் சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் கொடுத்து அதை மின்னூட்டம் பெறச் செய்வார்கள். பாட்டின் மின்சைகை ஒரு மின்மாற்றியின் வழியே பல மடங்கு உயர்த்தப்பட்டு நிலைத்தகடுகளுக்குச் செல்லும். ஒரு தகடு படலத்தை இழுக்கும்போது மற்றொன்று தள்ளும். படலம் முன்னும் பின்னும் அசையும். துளைகளின் வழியே ஒலி வெளிவரும்.

சாதாரண ஒலிபெருக்கியில் காகிதக் கூம்பின் ஒரு முனையில் உள்ள சுருள் கூம்பு முழுவதையும் தள்ள வேண்டும். கூம்புக்கு எடை உண்டு. வேகமான அதிர்வுகளில் அது வளையவும் செய்யும். நிலைமின் கருவியில் விசை படலத்தின் பரப்பு முழுவதிலும் செயல்படுகிறது. படலத்துக்கோ எடை இல்லை என்றே சொல்லலாம். 6 மைக்ரான் தடிமனுள்ள பாலியஸ்டர் படலம் ஒரு சதுர மீட்டருக்கு 8 கிராம் அளவே இருக்கும். ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் கனமுள்ள காற்று அடுக்கின் எடையும் அதுதான். அதாவது, படலத்தை அசைப்பது கிட்டத்தட்டக் காற்றையே நேரடியாக அசைப்பது போன்றது. மனிதக் குரல், வயலின் போன்றவற்றை இக்கருவியில் கேட்டவர்கள் வியந்து பேசுவதற்கு அடிப்படை இதுவே.

பழைய கருத்து, புதிய பொருள்

இந்தக் கருத்து புதிதன்று. அமெரிக்க இயற்பியலாளர் ஏமஸ் டால்பியர் 1880களின் தொடக்கத்திலேயே இம்முறையில் தொலைபேசிக் கேட்கும் கருவி ஒன்றை அமைத்தார். 1917இல் எட்வர்ட் வென்ட்டே இதே தத்துவத்தைத் திருப்பிப் பயன்படுத்தி மின்தேக்கி ஒலிவாங்கியை உருவாக்கினார். 1925இல் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் வெளியிட்ட ஆய்வுக்குப் பின் காந்தமும் சுருளும் கொண்ட ஒலிபெருக்கியே உலகெங்கும் பரவியது. நிலைமின் முறை பின்தங்கிவிட்டது.

பின்தங்கியதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, மெல்லியதாகவும் உறுதியாகவும் காலத்தால் தளராததாகவும் இருக்கும் படலம் அப்போது இல்லை. இரண்டாவது, ஒரே ஒரு தகட்டைக் கொண்டு படலத்தை இழுத்தால் விசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். மின்னழுத்தம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். பாட்டு சிதைந்து கேட்கும்.

முதல் தடையைப் பாலியஸ்டர் நீக்கியது. 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டுபிடித்த இந்தப் பொருள், 1950களில் மைலார், மெலினெக்ஸ் என்ற பெயர்களில் மெல்லிய படலமாகச் சந்தைக்கு வந்தது. இரண்டாம் தடைக்குத் தீர்வு, படலத்தின் இருபுறமும் தகடு வைப்பதும், படலத்தின் மின்னூட்டத்தை மாறாமல் வைத்திருப்பதும் ஆகும். மின்னூட்டம் மாறாவிட்டால் படலம் எந்த இடத்தில் இருந்தாலும் விசை தகடுகளின் மின்புலத்தை மட்டுமே சார்ந்திருக்கும். விசை என்பது மின்னூட்டத்தையும் மின்புலத்தையும் பெருக்கி வருவது என்று இரண்டு மதிப்பெண்ணுக்காக நாம் மனப்பாடம் செய்யும் வாய்பாடு இங்கே இசையாக மாறுகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபிரெடெரிக் ஹண்ட் 1954இல் வெளியிட்ட மின்ஒலியியல் நூலில் இக்கோட்பாட்டை விளக்கினார். அமெரிக்காவில் ஆர்தர் ஜான்சன் உயர்சுருதிக்கான நிலைமின் ஒலிபெருக்கிகளை அக்காலத்தில் உருவாக்கி வந்தார்.

மின்னூட்டம் மாறாதிருக்க வேண்டுமானால் அது படலத்தின் மேல் அங்குமிங்கும் ஓடக்கூடாது. ஆகவே படலத்தின் மேற்பூச்சு உலோகம்போல மின்சாரத்தைக் கடத்தக்கூடாது. கண்ணாடிபோல அறவே கடத்தாமலும் இருக்கக்கூடாது. இரண்டுக்கும் இடையே, மிக மிக உயர்ந்த மின்தடையுடன் இருக்க வேண்டும். பின்னாளில் பழுதுபார்க்கக் கற்றவர்களை அதிகம் சோதித்தது இந்தப் பூச்சுதான்.

ஹண்டிங்டன் பட்டறை

குவாட் கருவியின் பின்னால் இருந்தவர் பீட்டர் வாக்கர் (1916–2003). 1936இல் லண்டனில் ஒலிபெருக்கும் சாதனங்கள் செய்யும் சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சால் 1941இல் அது ஹண்டிங்டனுக்கு இடம்பெயர்ந்தது. புகழ்பெற்ற ஒலிபெருக்கிச் சுற்று ஒன்றை 1947இல் வெளியிட்டிருந்த டி.டி.என். வில்லியம்சனுடன் சேர்ந்து வாக்கர் நிலைமின் ஆய்வில் இறங்கினார். கருவி விற்பனைக்கு வருவதற்கு முன்பே, 1955இல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் அதன் கோட்பாட்டைத் தொடர் கட்டுரையாக எழுதினார். அந்த இதழ் பொறியாளர்களும் வீட்டில் வானொலி செய்து பழகியவர்களும் படித்தது. தத்துவம் இவ்வாறு தொடக்கத்திலேயே பொதுச்சொத்தாயிற்று.

கருவியின் தோற்றம் விசித்திரமானது. ஏறத்தாழ 80 செ.மீ. உயரமும் 88 செ.மீ. அகலமும் கொண்டு, வெண்கல நிறத் துளைத்தகடு போர்த்தி, குளிர்நாட்டு வீடுகளின் அறை சூடேற்றி போல் இருக்கும். உள்ளே மூன்று பேனல்கள். இரு பக்கமும் தாழ்சுருதிக்கு ஒவ்வொன்று; நடுவே இடைச்சுருதிக்கும் உயர்சுருதிக்கும் ஒன்று. தாழ்சுருதிப் பேனல்களுக்கு 6000 வோல்ட், நடுப்பேனலுக்கு 1500 வோல்ட். ஆகவே இந்த ஒலிபெருக்கியைப் பாட்டுக்கான கம்பியோடு வீட்டு மின்சாரத்திலும் இணைக்க வேண்டும். 1985 வரை சுமார் 54,000 கருவிகள் தயாராயின. இன்று ஆர்வலர்கள் இதை 'இ.எஸ்.எல்.-57' என்று அழைக்கிறார்கள். அது பின்னால் வந்த பெயர்.

கருவி மூப்படையும் விதம்

இக்கருவிகளுக்கு வரும் நோய்கள் சிலவே. அவை திரும்பத் திரும்ப வருபவை.

தூசி: பழைய பிக்சர் டியூப் தொலைக்காட்சியின் திரையில் தூசி அப்பிக்கொள்வதைப் பார்த்திருப்போம். ஆயிரக்கணக்கான வோல்ட்டில் நிற்கும் படலமும் அப்படியே தூசியை இழுக்கும். இதைத் தடுக்கப் பேனலின் இருபுறமும் மெல்லிய தூசிக் காப்புப் படலம் ஒட்டியிருப்பார்கள். அது கிழிந்தால் தூசி உள்ளே புகும். ஈரமான நாட்களில் தூசியின் வழியே மின்சாரம் கசியும். 'டிக்... டிக்...' என்ற ஓசையோ மெல்லிய இரைச்சலோ கேட்கும்.

தீப்பொறி: இக்கருவி வந்த காலத்தில் அதை இயக்கிய வால்வு பெருக்கிகளின் திறன் 15 வாட் அளவே. பின்னர் வந்த டிரான்சிஸ்டர் பெருக்கிகள் பல மடங்கு திறன் கொண்டவை. இக்கருவி தாங்கும் எல்லை 33 வோல்ட் உச்சம் மட்டுமே. அதைத் தாண்டினால் நடுப்பேனலில் தகட்டுக்கும் படலத்துக்கும் இடையே பொறி பாய்ந்து படலத்தில் துளை விழும்.

மின்வழங்கி: உயர் மின்னழுத்தத்தைத் தரும் டையோடுகளும் மின்தேக்கிகளும் மெழுகு போன்ற பொருளில் புதைக்கப்பட்டவை. ஆண்டுகள் செல்லச் செல்ல அவை வலுவிழக்கும். ஒலி மெல்லத் தேயும்.

பூச்சு: படலத்தின் மேற்பூச்சு கெட்டால் மின்னூட்டம் பரவாது. கருவி ஒலி குறைந்து ஒலிக்கும். அல்லது மின் இணைப்புக் கொடுத்து நெடுநேரம் கழித்தே முழு ஒலியை எட்டும்.

எழுதப்படாத பாடம்

ஹண்டிங்டன் தொழிற்சாலை தன் பழைய கருவிகளைத் தானே பழுதுபார்த்துத் தருவதற்குப் பெயர் பெற்றது. மாற்றுப் பேனல் அங்கிருந்தே கிடைத்தது. அந்நிலை இருந்த வரை வெளியில் யாரும் பேனலைத் திறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தயாரிப்பு நின்று, 1990களில் நிறுவனமும் கைமாறிய பின் நிலைமை மாறத் தொடங்கியது. ஜெர்மனியில் ஒரு நிறுவனம் பழைய மாதிரிக்கான பேனல்களைச் செய்யும் கருவிகளை வாங்கித் தயாரிப்பைத் தொடர்ந்தது. மற்ற இடங்களில் பெட்டியின் சொந்தக்காரர்களும் சிறு பட்டறைக்காரர்களும் தாங்களே பேனலைத் திறக்கத் துணிந்தார்கள்.

திறந்தபோதுதான் ஒரு குறை தெரிந்தது. தத்துவம் அச்சில் இருந்தது. மின்சுற்றுப் படமும் இருந்தது. ஆனால் படலத்தை எவ்வளவு இழுப்பது, பூச்சை எவ்வளவு மெல்லியதாகத் தடவுவது, ஒட்டுவதற்கு முன் தூசியை எப்படி அகற்றுவது என்பவை தொழிற்சாலை ஊழியர்களின் கைகளில் இருந்த அறிவு. கற்க வந்தவர்கள் அதைப் பழுதான பேனல்களிடமிருந்தே மீட்டெடுக்க வேண்டியிருந்தது.

பேனலின் இரு பாதிகளையும் ரிவிட்டுகள் பிணைத்திருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக டிரில் செய்து நீக்க வேண்டும். அவசரப்பட்டால் பிளாஸ்டிக் தகடு விரிசல் விடும். மீண்டும் பூட்டும்போது உலோகத் திருகாணி பயன்படாது. அது மின்சாரம் கசிய வழியாகும். நைலான் திருகாணிகளே ஏற்றவை. பழைய படலத்தையும் பசையையும் சுரண்டி எடுத்தபின் புதிய படலத்தை விரிக்க வேண்டும்.

விரிப்பதில்தான் வேலையின் நுட்பம் இருக்கிறது. மிருதங்கத்துக்கு வார் பிடிப்பவர் அறிந்த உண்மை இங்கும் பொருந்தும். அதிகம் இழுத்தால் படலத்தின் இயல்பு அதிர்வெண் உயர்ந்து தாழ்சுருதி குன்றும். குறைவாக இழுத்தால், மின்னூட்டம் ஏறியதும் படலம் ஏதாவது ஒரு தகட்டோடு போய் ஒட்டிக்கொள்ளும். எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இழுக்க ஆர்வலர்கள் கண்ட எளிய உபாயம் சைக்கிள் டியூப். மேசையின் விளிம்பைச் சுற்றி டியூபை வைத்து, படலத்தை அதன் மேல் போர்த்தி ஓரங்களை ஒட்டிவிட்டு, டியூபுக்குக் காற்றடிப்பார்கள். டியூப் உப்ப உப்பப் படலம் எல்லாத் திசையிலும் சீராக விறைக்கும். பிறகு சட்டத்தில் ஒட்டி, மிஞ்சிய சுருக்கங்களை வெப்பக் காற்றால் நீக்குவார்கள். சூடு பட்டால் பாலியஸ்டர் சற்றுச் சுருங்கும் என்பதே இதன் அடிப்படை.

அடுத்தது பூச்சு. குவாட் தொழிற்சாலை ஆல்கஹாலில் கரையும் ஒருவகை நைலானைப் பயன்படுத்தியது. அது கிடைக்காதவர்கள் பென்சிலில் உள்ள கிராஃபைட்டின் தூளைப் பஞ்சால் தேய்த்தார்கள். தேய்த்துவிட்டுப் பெரும்பகுதியைத் துடைத்தெடுக்கவும் வேண்டும். கருமை கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தால் மின்தடை போதாது, மின்னூட்டம் ஓடும், பொறி பாய்ந்தால் துளையும் பெரிதாக விழும். கண்ணுக்குத் தெரியாத அளவு பூசுவதற்குப் பழகப் பல பேனல்கள் வீணாகும்.

அளவுமானியை நம்பலாமா?

மின்னணுப் பழுதுபார்ப்பில் தேர்ந்தவர்களும் இங்கே தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சாதாரண மல்டிமீட்டரால் இந்த மின்னழுத்தத்தை அளக்க முடியாது. 1000 வோல்ட்டுக்கு மேல் அதைப் பயன்படுத்துவதே ஆபத்து. அத்துடன் அதன் அளவும் பொய்யாகும்.

ஒரு கணக்காகப் பார்ப்போம். மின்வழங்கியின் அகத்தடை 100 மெகா ஓம், மீட்டரின் தடை 10 மெகா ஓம் என்று கொள்வோம். மீட்டர் காட்டுவது மொத்தத்தில் பதினொன்றில் ஒரு பங்கு மட்டுமே. உண்மையில் 5500 வோல்ட் இருக்கும் இடத்தில் 500 வோல்ட் என்று காட்டும். மின்வழங்கி கெட்டுவிட்டது என்று எண்ணி நல்ல பாகத்தைக் கழற்றி எறிய நேரும். 1000 மெகா ஓம் தடை கொண்ட உயர் மின்னழுத்த முனையைப் பயன்படுத்தினாலும் 5000 என்றே காட்டும். அளக்கும் கருவியும் சுற்றின் ஒரு பகுதியே என்று வகுப்பில் சொல்லித்தருவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இந்த இடரை அனுபவசாலிகள் கடந்த வழி எளிமையானது. ஸ்டீரியோவுக்கு இரண்டு பெட்டிகள் உண்டு. ஒன்று நன்றாக இருந்தால் அதுவே அளவுகோல். ஒரே முனையால் இரண்டையும் அளந்து ஒப்பிடலாம். ஐயமுள்ள பாகத்தை ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றிப் பூட்டலாம். நோய் கூடவே சென்றால் குற்றம் அந்தப் பாகத்தில்தான். இன்னொரு சோதனைக்குக் காதே போதும். பாட்டு ஒலிக்கும்போது வீட்டு மின் இணைப்பைத் துண்டித்தால், நல்ல பேனல் தேக்கிய மின்னூட்டத்தால் தொடர்ந்து பாடும். சட்டென ஒலி தேய்ந்தால் எங்கோ கசிவு இருக்கிறது.

அடுத்த தலைமுறைக் கருவிகள்

1963இல் தொடங்கிய ஆய்வின் பயனாகக் குவாட் 1981இல் 'இ.எஸ்.எல்.-63' கருவியை வெளியிட்டது. நீரில் கல் விழுந்தால் எழும் வளையங்கள் போல, ஒன்றையொன்று சூழ்ந்த வளையத் தகடுகளுக்கு ஒலிச்சைகை சற்றுத் தாமதித்துத் தாமதித்துச் செல்லும். அதனால் ஒலி ஒரு புள்ளியிலிருந்து பரவுவதுபோல் கேட்கும். பொறி பாயத் தொடங்கினால் உடனே ஒலியை அடக்கும் பாதுகாப்புச் சுற்றும் இதில் உண்டு. முந்தைய கருவியின் குறை இவ்வாறு நீங்கியது. ஆனால் புதிதாக ஒன்று முளைத்தது. துளைத்தகட்டைப் பிளாஸ்டிக் சட்டத்தோடு பிணைத்த பசை ஆண்டுகள் கழித்து விட்டுப்போயிற்று. தகடு அதிர்ந்து இரைந்தது. பழுதுபார்ப்பவர்கள் பழைய பசையை முற்றிலும் நீக்கி எபாக்சி இட்டு ஒட்டக் கற்றார்கள். பழைய பாடம் பாதிதான் உதவியது. மீதியைப் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது.

வேறு வழியும் இருந்தது. அமெரிக்காவின் மார்ட்டின்லோகன் போன்ற நிறுவனங்களின் கருவிகளில் பேனல் தேய்ந்தால் முழுப் பேனலையே புதிதாக வாங்கி மாற்றுவது வழக்கம். வாங்குபவருக்கு அது எளிது. ஆனால் புதிய பேனலைச் செய்பவர் இருக்கும் வரை மட்டுமே அவ்வழி திறந்திருக்கும். பிரித்துச் செப்பனிடும் வழி கடினமானது. அது செய்தவரை எதிர்பார்த்து நிற்பதில்லை.

பாதுகாப்பு

மாணவர்கள் இதைத் தனியாகச் செய்து பார்க்கக்கூடாது. உயர் மின்னழுத்தப் பகுதியின் மின்னோட்டம் மிகக் குறைவு என்றாலும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். உள்ளேயே வீட்டு மின்சாரமும் இருக்கிறது. இணைப்பைக் கழற்றி, போதிய நேரம் காத்திருந்து, தகுந்த மின்தடையின் வழியே மின்னூட்டத்தை வெளியேற்றிய பின்பே தொட வேண்டும். அளக்கும்போது ஒரு கையை விலக்கி வைப்பது மின்தொழிலில் பழைய வழக்கம். மின்னோட்டம் ஒரு கையில் புகுந்து மார்பின் வழியே மறு கைக்குப் பாய்வதை அது தடுக்கும்.

கற்றதைக் காப்பது

இக்கலையில் கற்றது எழுத்துக்கு வரத் தொடங்கியது சொந்தமாக ஒலிபெருக்கி செய்தவர்களால். 1987இல் ரொனால்டு வாக்னரும் 1995இல் ரோஜர் சாண்டர்ஸும் நிலைமின் ஒலிபெருக்கியைச் செய்யும் முறையைத் தனித்தனி நூல்களாக எழுதினார்கள். செய்வதற்கான குறிப்பு செப்பனிடுவதற்கும் பயன்பட்டது. படலத்தின் தடிமன், இழுவிசை, இடைவெளி, பூச்சு ஆகியவை பொது வாசகர் படிக்கும் அளவுகளாக மாறின.

இதிலிருந்து ஒன்றை அறியலாம். வாக்கர் தம் தத்துவத்தை 1955இலேயே வெளியிட்டதால்தான் பின்னால் வந்தவர்கள் பேனலைத் திறந்தபோது தாங்கள் காண்பது என்ன என்று புரிந்துகொண்டார்கள். தொழிலாளரின் கைப்பழக்கம் எழுதப்படாததால்தான் அதை மீட்கப் பல ஆண்டுகளும் பல பேனல்களும் செலவாயின. ஒரு கருவி நீண்ட நாள் வாழ இரண்டு அறிவும் தேவை. முதலாவதைப் பாடநூல்கள் காக்கின்றன. இரண்டாவதை, வேலை செய்தவர் தாமே எழுதி வைத்தால்தான் உண்டு.

நம் ஊர்களில் வானொலிப் பெட்டி, கடிகாரம், தையல் இயந்திரம், ஆர்மோனியம் ஆகியவற்றைப் பழுதுபார்த்தவர்கள் பலர். அவர்களின் கைப்பழக்கமும் பெரும்பாலும் எழுதப்படவில்லை. அப்படி ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால், எந்தப் பாகம் முதலில் கெடும், அதை எப்படிக் கண்டறிகிறார், எதைச் செய்யக்கூடாது என்கிறார் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டு விடைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹண்டிங்டன் ஊழியர்களிடம் யாரேனும் அப்படிக் கேட்டு எழுதியிருந்தால் பல பேனல்கள் வீணாகாமல் தப்பியிருக்கும்.